அம்மா உவர்மலையில், நாங்கள் லண்டனில்: இடையில் ஓடி வர எந்தக் காப்புறுதி?

கேள்வி இது. திருகோணமலையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் அவருடைய கணவரும் மே மாதம் லண்டனில் மகன் வீட்டுக்குப் போகிறார்கள். மொத்தம் ஆறு கிழமை, நடுவில் ஒரு கிழமை பாரிஸில் தம்பி வீடு. 83 வயது அம்மா உவர்மலையில் தங்கச்சியின் பொறுப்பில் இருக்கிறா. அம்மாவுக்கு ஏதும் என்றால் உடனே திரும்ப வேண்டும். அதற்கு எந்தப் பயணக் காப்புறுதி நல்லது, இங்கே எடுப்பதா, மகன் அங்கே எடுப்பதா என்று கேட்டிருக்கிறார்.

ரீச்சர், நான் இந்த ஊரில் டிக்கெட் போடுகிற மேசையில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறவன். காப்புறுதி கேட்டு வருகிறவர்கள் தங்கள் உடம்பைப் பற்றித்தான் கேட்பார்கள். லண்டனில் நெஞ்சுவலி வந்தால், பாரிஸில் படியில் விழுந்தால் என்று. வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேட்டீர்கள். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு சொல்லில் ஏமாறாமல் இருக்க வேண்டும். கொம்பனிகள் தருகிற மினுங்கல் காகிதத்தில் ‘ரிட்டேர்ன்’, ‘ரிப்பேட்ரியேஷன்’ என்று மூன்று நாலு இடத்தில் இருக்கும். ‘மெடிக்கல் ரிப்பேட்ரியேஷன்’ என்றால் அங்கே நீங்கள் நோயாகிப் படுத்தால் உங்களை இங்கே கொண்டுவந்து சேர்ப்பது. ‘ரிப்பேட்ரியேஷன் ஒஃப் மோர்ட்டல் ரிமெய்ன்ஸ்’ என்றால், சொல்லக்கூடாது, அங்கே காலமானால் உடலை அனுப்புவது. ‘கம்பாஷனேட் விசிட்’ என்பது நீங்கள் அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்தால் இங்கிருந்து ஒருவரை உங்களிடம் கூட்டிப்போகிற செலவு. இந்த மூன்றிலும் நோயாளி நீங்கள்தான். அம்மாவுக்காக நீங்கள் ஓடி வருவதற்கு இவற்றில் ஒன்றாலும் ஒரு சதம் கிடைக்காது. உங்களுக்கு வேண்டியதன் பெயர் ‘ட்ரிப் இன்டரப்ஷன்’ அல்லது ‘கேர்டெயில்மென்ட்’. அமெரிக்க, கனடாப் பொலிசிகளில் முதல் பெயர் இருக்கும், பிரித்தானியப் பொலிசிகளில் இரண்டாவது. தொடங்கிவிட்ட பயணத்தை இடையில் முறித்துக்கொண்டு வீடு திரும்புவது. ‘ட்ரிப் கான்சலேஷன்’ என்பது புறப்படுவதற்கு முன் கைவிடுவது, அது வேறு. ஒரே பொலிசியில் இரண்டும் இருக்கலாம், ஒன்று இருந்து மற்றது இல்லாமலும் இருக்கலாம்.

பாரிஸ் போவதால் ஷெங்கன் விசா, அதாவது பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குமான பொது விசா வேண்டும், அதற்குக் காப்புறுதி கட்டாயம். குறைந்தது 30,000 யூரோ, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், தங்குகிற நாள் முழுவதற்கும். அவசர வைத்தியம், ஆஸ்பத்திரி, நோயாகித் திரும்புவது, மரணம், இவ்வளவுதான் அவர்கள் கேட்பது. கொழும்பில் விசாவுக்கென்று மலிவாக விற்கிற சான்றிதழ்கள் அந்த அளவுக்கே வெட்டித் தைத்தவை. விசா கிடைத்துவிடும், அம்மா விஷயத்தில் ஒன்றும் கிடைக்காது. பிரித்தானிய விசிட் விசாவுக்குக் காப்புறுதி கட்டாயமே இல்லை. ஆகவே விசா அதிகாரி திருப்திப்பட்டார் என்பதை வைத்து உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்ததாக எண்ண வேண்டாம்.

இனித்தான் முக்கியமான இடம். அதற்கு என் சொந்தக் கதையைச் சொல்கிறேன், வெட்கம்தான்.

2017இல் நானும் மனைவியும் டொரோண்டோவுக்கு ஒரு கலியாணத்துக்குப் போனோம். அப்பா பாலையூற்றில், அண்ணா வீட்டில். எனக்குத் தெரிந்த தொழில்தானே என்று, இன்டரப்ஷன் உள்ள பொலிசியாகப் பார்த்துத்தான் எடுத்தேன். எட்டாம் நாள் அண்ணா போன் எடுத்தார். அப்பாவுக்கு ஸ்ட்ரோக், பெரியாஸ்பத்திரியில். அன்றைக்கே கிடைத்த டிக்கெட்டில் வந்தேன். அப்பா பிழைத்துவிட்டார். கிளெயிம் பிழைக்கவில்லை. கொம்பனி கேட்ட கடதாசிகளோடு அப்பாவின் கிளினிக் கொப்பியையும் பிரதி எடுத்து அனுப்பியிருந்தேன். அதில் நாங்கள் புறப்படுவதற்கு ஐந்து கிழமைக்கு முந்திய திகதியில், நீலப் பேனாவால் லொசார்டன் 50 என்பதை வெட்டி 100 என்று டொக்டர் எழுதியிருந்தார். ஒரு வெட்டு, ஒரு எழுத்து, அவ்வளவுதான். பொலிசிப் புத்தகத்தின் பின்பக்கம் ஒன்றில், ‘பயணம் செய்யாத குடும்ப அங்கத்தவருக்கும்’ முன்பே உள்ள நோய் விதி பொருந்தும், முந்திய 90 நாளில் மருந்தோ அளவோ மாறியிருந்தால் அந்த நோய் ‘நிலையானது’ அல்ல என்று இருந்தது. பிரஷர் மருந்து கூடியிருக்கிறது, ஸ்ட்ரோக் பிரஷரால் வந்தது, ஆகவே இல்லை. நான் என்னுடைய சுகர், என்னுடைய பிரஷர் எல்லாம் ஒழுங்காக எழுதிக் கொடுத்தேன். அப்பாவின் மருந்தைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், பொலிசியை உங்கள் உடம்பை வைத்து வாசிக்க வேண்டாம், அம்மாவின் உடம்பை வைத்து வாசியுங்கள். 83 வயதில் கிளினிக் போகாதவர் யார்? முன்பே உள்ள நோய் விதி வீட்டில் இருப்பவருக்கும் பொருந்துமா என்பதுதான் முதல் கேள்வி. சில பொலிசிகளில் அடியோடு விலக்கு. சிலவற்றில் 60, 90 அல்லது 180 நாள் மருந்து மாறாமல், ஆஸ்பத்திரியில் தங்காமல் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். சிலவற்றில் வீட்டில் இருப்பவருக்கே வயதெல்லை உண்டு. அம்மாவின் கொப்பியைத் திறந்து, கடைசியாக மருந்து மாறிய திகதியைப் பாருங்கள். பெப்ரவரியில் மாறியிருந்தால் 180 நாள் பொலிசி உங்களுக்குக் கடதாசிதான். 60 நாள் பொலிசி கொஞ்சம் விலை கூடினாலும் எடுக்கலாம். அந்த நாள் கணக்கைப் பொலிசி எடுத்த திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்களா, புறப்படும் திகதியிலிருந்தா என்பதையும் கேட்க வேண்டும், கொம்பனிக்குக் கொம்பனி வேறு. மிகக் கடுமையான பொலிசியிலும் விபத்து தனி. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது பழைய நோய் இல்லை. இந்த வயதில் அதுதான் கனக்க நடக்கிறது, அதற்காகவாவது இருக்கட்டும்.

இரண்டாவது, ‘குடும்ப அங்கத்தவர்’ என்றால் யார் என்று புத்தகத்தின் தொடக்கத்தில் எழுதியிருக்கும். உங்களுக்கு அவ அம்மா. சேருக்கு, உங்கள் கணவருக்கு, மாமி. கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள் என்று மட்டும் இருந்தால் உங்கள் டிக்கெட் காசு வரும், சேருடையது வராது. மாமன் மாமி, சகோதரர், பேரப்பிள்ளை எல்லாம் பெயர் சொல்லி இருக்கிறதா பாருங்கள். அல்லது ‘கூடப் பயணம் செய்பவர்’ திரும்பினால் இவரும் திரும்பலாம் என்ற வரி இருந்தாலும் போதும். எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. வளர்த்த சின்னம்மா, பெரியம்மா, அம்மம்மா எல்லாம் எங்களுக்குத் தாய்தான். கொம்பனிக்கு இல்லை. பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டும். அதிலும் அம்மாவின் பெயர் உங்கள் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் எழுத்துக் கூட்டியிருந்தால் இப்போதே பிரதேச செயலகம் போய் ஒரே ஆள்தான் என்று கடிதம் எடுத்து வையுங்கள். சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதியும். செத்தவீட்டுக்கு நடுவில் இதற்கு அலைய முடியாது.

அடுத்தது காசு. ‘ட்ரிப் இன்டரப்ஷன் 5,000 டொலர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதற்குள் இரண்டு வகை கலந்திருக்கும். ஒன்று, முன்கூட்டிக் கட்டி, திருப்பித் தராத, பயன்படுத்தாமல் போன செலவு. ஹோட்டல், டூர் பக்கேஜ் மாதிரி. 30 நாள் சுற்றுலாவை 18ஆம் நாளில் விட்டால் மிச்சம் 12 நாளின் பங்கைக் கணக்குப் பார்த்துத் தருவார்கள். நீங்கள் மகன் வீட்டிலும் தம்பி வீட்டிலும் தங்குகிறீர்கள். உங்களுக்கு அப்படி இழக்க ஒன்றுமில்லை. அந்தத் தொகை உங்களுக்கு வெறும் அலங்காரம். மற்றது, திரும்பி வருவதற்கான மேலதிகப் பயணச் செலவு. உங்களுக்கு வேண்டியது அது ஒன்றுதான், அதற்குத் தனியே எல்லை போட்டிருப்பார்கள். 5,000 என்று காட்டிவிட்டு உள்ளே பயணத்துக்கு 500 என்று இருந்தால் என்ன செய்வது?

ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். உங்கள் டிக்கெட்டில் திகதி மாற்றலாம், கட்டணமும் விலை வித்தியாசமுமாக 70,000 ரூபா. மாற்ற முடியாமல் புதிதாக ஒருவழி எடுத்தால் 230,000. கொம்பனி குறைந்த வழியைத்தான் ஏற்கும், எக்கொனமி வகுப்பு மட்டும். புதிய டிக்கெட் எடுக்க நேர்ந்தால், பயன்படுத்தாத பழைய திரும்பு பகுதிக்கு எயார்லைன் ஏதும் தந்தால் அதைக் கழிக்கும். அதன் பிறகு ‘எக்ஸெஸ்’ என்று நீங்கள் தாங்க வேண்டிய பங்கும் கழியும். ஆகவே என் அபிப்பிராயம், காப்புறுதிக்கு முன்னம் டிக்கெட்டைப் பாருங்கள். திகதி மாற்ற முடியாத மலிவு டிக்கெட்டில் மிச்சம் பிடித்த காசு, ஒரு அவசரத்தில் மூன்று மடங்காய்ப் போகும். திகதி மாற்றக்கூடிய வகுப்பில் போடுங்கள். என் கொமிஷனுக்காகச் சொல்லவில்லை, எனக்கு இரண்டிலும் ஒன்றுதான்.

வீடு என்பது எது என்றும் பாருங்கள். பெரும்பாலான பொலிசியில் ‘வதிகிற நாடு’ என்றுதான் இருக்கும், அது கட்டுநாயக்க விமான நிலையத்தோடு முடிந்துவிடும். அங்கிருந்து குருநாகல், தம்புள்ள, ஹபரணை வழியாக இன்னும் ஐந்தாறு மணித்தியாலம். வான் காசு தருவார்களா என்று கேளுங்கள். ‘வதிகிற இடம்’ என்று எழுதியிருந்தால் தரவேண்டும். வான்காரர் பில் தரமாட்டார். அவருடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், திகதி, தொகை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், அதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

மகன் லண்டனில் எடுக்கலாமா என்றால், அங்கே விற்கிற சாதாரணப் பயணக் காப்புறுதி அங்கே வதிகிறவர்களுக்கு. வருகிறவர்களுக்கென்று தனிப் பொலிசிகள் உண்டு, அவை பெரும்பாலும் வைத்தியச் செலவை மட்டும் பார்ப்பவை. அம்மாவுக்காகத் திரும்புகிற பகுதி அவற்றில் இருப்பது குறைவு. இங்கே எடுப்பதுதான் சரி. இதே கேள்வியை, பிள்ளைகளோடு நீண்ட நாள் தங்க கனடா சுப்பர் விசாவில் போகிற பெற்றோரும் கேட்கிறார்கள். அங்கே குறைந்தது 100,000 கனடா டொலர் வைத்தியக் காப்பு, ஒரு வருஷத்துக்கு, கட்டாயம். அதுவும் வைத்தியம்தான். இடையில் ஊருக்கு வந்து போனால் காப்பு தொடருமா, முறியுமா என்பது அவர்கள் தனியாகக் கேட்க வேண்டியது.

சேரிடம் கடன் அட்டை இருந்தால் அதோடு வரும் இலவசக் காப்புறுதியை நம்ப வேண்டாம். டிக்கெட்டை அந்த அட்டையால் வாங்கியிருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை, வீட்டில் இருப்பவருக்காகத் திரும்புவது அதில் இருப்பது அபூர்வம்.

பாரிஸ் விசா விஷயத்தில் ஒன்று. ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசா என்றால், பாரிஸில் நுழைந்தபின் இடையில் ஊருக்கு வந்துவிட்டு மறுபடி தம்பி வீட்டுக்குப் போக முடியாது. பலமுறை நுழைவு கேட்டு விண்ணப்பியுங்கள். சில பொலிசிகளில், வந்து காரியம் முடிந்தபின் மறுபடி பயணத்தைத் தொடரத் திரும்பு டிக்கெட்டும் தருவார்கள். நல்ல விஷயம், ஆனால் அதற்காக விலை கூட்டிக் கொடுக்க வேண்டாம். அம்மா படுக்கையில் இருக்கும்போது நீங்கள் திரும்பிப் போகப் போவதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

அந்தப் போன் வரும் நேரத்தில் என்ன செய்வது? கோடையில் லண்டன் எங்களுக்கு நாலரை மணித்தியாலம் பின்னால். தங்கச்சி விடிய நாலு மணிக்கு எடுத்தால் அங்கே இரவு பதினொன்றரை. உடனே டிக்கெட் மாற்ற ஓடாமல், முதலில் பொலிசியில் உள்ள 24 மணி நேர இலக்கத்துக்கு எடுத்து, கோப்பு இலக்கம் ஒன்று வாங்குங்கள். கேட்காமல் டிக்கெட் மாற்றியதற்காகவே தட்டிக்கழித்த கிளெயிம்களைக் கண்டிருக்கிறேன். இதே நேரத்தில் தங்கச்சி வார்டில் ஒரு கடிதம் கேட்க வேண்டும். டயக்னோசிஸ் கார்ட் வீடு போகும்போதுதான் தருவார்கள், அதுவரை காத்திருந்தால் பிந்திவிடும். வார்டு டொக்டரிடம் நோயின் பெயர், அனுமதித்த திகதி, உயிராபத்தான நிலை, பிள்ளைகள் வருவது அவசியம் என்ற நாலும் உள்ள கடிதம். ‘சீரியஸ்’ என்று மட்டும் எழுதினால் கொம்பனிக்குப் போதாது.

மரணம் என்றால் இரண்டு சமூகத்துக்கும் இரண்டு விதம். எங்கள் ஆட்கள் பிள்ளைகள் வரும்வரை உடலை இரண்டு மூன்று நாள் வைப்பார்கள், ஆகவே வந்து சேரலாம். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் ஆட்கள் என்னிடம் கேட்பார்கள், ஜனாஸா அன்றைக்கே அடக்கியாகிவிடும், பிறகு வந்தால் தருவார்களா என்று. அடக்கத்துக்கு வந்தால்தான் என்று எந்தப் பொலிசியிலும் நான் கண்டதில்லை. மரணச் சான்றிதழும், எத்தனை நாளுக்குள் திரும்ப வேண்டும் என்ற எல்லையும்தான் பார்ப்பார்கள். ஆகவே பிந்திவிட்டது என்று விடாமல் கேளுங்கள் என்றுதான் சொல்வேன்.

அம்மாவைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. வீட்டில் வெள்ளம், தீ, களவு என்றால் திரும்பச் செலவு தருகிற பொலிசிகள் இருக்கின்றன. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது வெளிநாட்டில் இருந்த ஊர்க்காரர் பலருக்கு இந்த வரி ஞாபகம் வந்தது. ஆனால் புயலுக்குப் பெயர் வைத்து வானிலை அறிக்கை வந்தபின் எடுத்த பொலிசிக்கு அது ‘தெரிந்த சம்பவம்’, செல்லாது. போர் பெரும்பாலும் விலக்குத்தான். 2025 ஜூனில் கட்டார் வான்பரப்பு மூடியபோது டோஹா வழி டிக்கெட் வைத்திருந்தவர்கள் கொம்பனிக்கு எடுத்துக் களைத்தார்கள். அந்த நேரத்தில் எயார்லைனைத்தான் பிடிக்க வேண்டும். லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ புறப்படுகிற விமானம் ரத்தானால், எந்த நாட்டு எயார்லைன் என்றாலும், மாற்று விமானம் அல்லது காசு திருப்பித் தரவும், காத்திருக்கும்போது சாப்பாடு, தங்குமிடம் தரவும் அங்கே சட்டம் இருக்கிறது.

எப்போது எடுப்பது? டிக்கெட் போட்ட அன்றே. புறப்படுவதற்கு முன்பே அம்மாவுக்கு ஏதும் ஆனால் கான்சலேஷன் பகுதி அப்போதுதான் உதவும். விசா மறுத்தால் மறுப்புக் கடிதம் காட்டிப் பிரீமியத்தைத் திருப்பி எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள், பலர் தருகிறார்கள். ஆறு கிழமை என்றால் ஆறு கிழமைக்கு எடுக்க வேண்டாம், ஒரு கிழமை கூட்டி எடுங்கள்.

மறுத்தால் முதலில் கொம்பனியிடம் எழுத்தில் முறையிட வேண்டும், அதன் பிறகு காப்புறுதி ஒம்புட்ஸ்மன் என்கிற முறைப்பாட்டு விசாரணையாளர், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. நான் 2017இல் ஒன்றுக்கும் போகவில்லை. அப்பாவின் கொப்பியில் இருந்தது உண்மைதானே.

கொம்பனி மேசையில் இருக்கும் பிள்ளை ‘எல்லாம் கவர் ஆகும் அன்ரி’ என்று சொல்லும். அதை எடுக்க வேண்டாம். ஈமெயிலில் இப்படிக் கேளுங்கள்: ‘என் தாய்க்கு 83 வயது, திருகோணமலையில் இருக்கிறார், பயணம் செய்யவில்லை. பிரஷருக்கும் சுகருக்கும் மருந்து எடுக்கிறார், கடைசியாக மருந்து மாறியது இந்தத் திகதியில். நானும் கணவரும் லண்டனில் இருக்கும்போது அவர் அந்த நோய்களால் ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டாலோ காலமானாலோ எங்கள் இருவருடைய திரும்பு பயணச் செலவையும் தருவீர்களா, எவ்வளவு வரை, புத்தகத்தின் எந்தப் பிரிவின்படி?’ பிரிவு இலக்கத்தோடு பதில் வருகிற கொம்பனியில் எடுங்கள். பதில் வந்ததும், பொலிசிப் புத்தகம் முழுவதையும் எனக்கு அனுப்பிவிடுங்கள், நானும் ஒருமுறை பார்க்கிறேன். இந்த முறை பின்பக்கத்திலிருந்து தொடங்கி.